‘ஒட்டாது’ என்று சொன்ன அக்கா

எக்ஸ்சேஞ்ச் அக்கா என்னைவிட இரண்டு வயது சின்னவர். இருந்தாலும் நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அந்தக் கட்டடத்தில் டாக்டரில் தொடங்கி வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். பதினேழு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளியூர் லைன்களை இணைத்துக் கொடுத்தவர். எல்லாம் தானியங்கியாக மாறியதும், மிச்சமான ஆட்களை ஆளுக்கொரு இலாகாவுக்கு அனுப்பினார்கள். அக்கா சுகாதார இலாகாவுக்கு வந்து சேர்ந்தார்.

நான் அங்கே ஏற்கெனவே மலேரியா பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்தத் தெருவில் எத்தனை தொட்டியில் கொசுப்புழு இருக்கிறது என்று பட்டியல் போடுகிற வேலை. அதனால் எனக்குக் கொசு சார் என்று பெயர். எய்ட்ஸ் பற்றிச் சந்தேகம் கேட்கிறவர்களுக்கு ஒரு உதவித் தொலைபேசி வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, எங்கள் இரண்டு பேரையும் ஒரே காகிதத்தில் தூக்கி அங்கே போட்டார்கள். அவரைப் போட்டது குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக. என்னைப் போட்டது ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது மாடியில் தடுப்பூசிக் கிடங்குக்குப் பக்கத்து அறை. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய ஃபிரிட்ஜ்கள் நாள் முழுக்க முனகிக்கொண்டே இருக்கும். கண்ணாடி பதித்த ஒரு நீள மேசை, இரண்டு போன். அவருடையது பச்சை, என்னுடையது பழுப்பு. ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போ. காலையில் பஸ்களைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தம் கேட்கும். இப்போது நினைத்தாலும் அந்த டீசல் வாசனையும், மாடிப்படியில் தெளிக்கிற கிருமிநாசினி வாசனையும், இரண்டுக்கும் நடுவில் எங்கள் டீயும் மூக்கில் வந்து நிற்கின்றன. என் உத்தியோகக் காலம் முப்பத்து நாலு வருஷம். அதில் அந்த அறையில் இருந்தது ஆறே வருஷம். ஆனால் வேலைக்குப் போன நாட்கள் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு அந்த அறைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு தோல் டாக்டர், பெண்மணி. கரும்பலகையில் உடலுறவு பற்றிய எல்லா வார்த்தையையும் எழுதி, எங்களைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். நான் பாதி வார்த்தைகளை இருமலில் விழுங்கினேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் படித்து முடித்தார்.

முதல் அழைப்பு அவருக்குத்தான் வந்தது. யாரோ ஒருவன், வாய்வழி உறவு பற்றிக் கேட்டிருக்கிறான். அக்கா பழக்க தோஷத்தில், “லைன்ல இருங்க” என்று சொல்லிவிட்டு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். இணைத்துக் கொடுக்க அந்தப் பக்கம் யாரும் இல்லை, அவர்தான் பேச வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது போல. மெல்ல நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். எனக்கு முதுகைக் காட்டியபடி, நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னார். அப்புறம் ஒரு மாதத்துக்குக் கஷ்டமான வார்த்தை வரும்போதெல்லாம் அந்த நாற்காலி சுவர்ப் பக்கம் திரும்பும். ஒரு நாள் திரும்பவில்லை. அதற்கப்புறம் நாங்கள் அந்த வார்த்தைகளை டீ, சர்க்கரை என்று சொல்வது போலச் சொல்லப் பழகிவிட்டோம்.

பழகப் பழக ஒன்று தெரிந்தது. நிஜமாகவே பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர்கள் எங்களைக் கூப்பிடுவது குறைவு. கூப்பிடுகிறவர்களில் பாதிக்கு மேல், அந்தக் கிருமி வர வழியே இல்லாதவர்கள். முத்தம் கொடுத்தவர்கள், கட்டிப்பிடித்தவர்கள், உடுப்போடு நெருங்கிப் படுத்தவர்கள், கையால் தொட்டவர்கள். அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் அச்சடித்த ஒரு வார்த்தை இருந்தது. ‘குறைந்த ஆபத்து.’

ஒரு நாள் டாக்டர் மேலே வந்தபோது அக்கா கேட்டார்.

“டாக்டர், இந்தக் ‘குறைந்த ஆபத்து’ங்கற வார்த்தையை எடுத்துடலாமா?”

“ஏன்? சரியான வார்த்தைதானே அது.”

“அவங்க காதுல ‘குறைந்த’ விழறதே இல்லை. ‘ஆபத்து’ மட்டும்தான் விழுது. ராத்தூக்கம் போயிடுது.”

“என்ன பண்றதும்மா. விஞ்ஞானத்துல பூஜ்யம்னு சொல்லிடக் கூடாது.”

“சரி. கை குலுக்கினா வருமா?”

“வராது. பூஜ்யம்.”

“இப்ப சொன்னீங்களே.”

டாக்டர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அப்புறம் மூன்று மத்தியானம் மேலே வந்து உட்கார்ந்தார். ‘குறைந்த ஆபத்து’ என்று கட்டிவைத்திருந்த அந்த ஒரே மூட்டையை இரண்டு பேரும் பிரித்தார்கள். தொடுவது, கட்டிப்பிடிப்பது, முத்தம், கையால் செய்வது, ஒரே தம்ளரில் குடிப்பது எல்லாம் ஒரு பக்கம் போனது. அதற்கு அக்கா வைத்த பெயர் ‘ஒட்டாது’. முத்தத்தில் மட்டும், இரண்டு பேர் வாயிலும் ரத்தம் கசிகிற புண் இருந்தால் சொல்லச் சொல்லி டாக்டர் பிடிவாதம் பிடித்தார். அதைச் சின்ன எழுத்தில் ஓரமாக எழுதினோம். வாய்வழி உறவு நடுவில் வந்தது, ‘ஒட்டினதாக் கேள்விப்படறதே அபூர்வம்’ என்று. ஆணுறை இல்லாத உடலுறவும், ஒருத்தர் போட்ட ஊசியை இன்னொருத்தர் போட்டுக்கொள்வதும் மூன்றாவது. ‘ஒட்டலாம், டெஸ்ட் எடுங்க.’ அதை நான் என் கையெழுத்தில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்தேன்.

அந்தக் காகிதம் வந்த பிறகு எங்கள் அழைப்புகள் சுருங்கின. “ஒட்டாதுங்க. போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்க” என்று அக்கா சொல்வார். அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு பேசுகிறவர்கள் குறைவு. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் பேசினார்.

அவர் பேர் எங்களுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அதனால் நோட்டில் ‘கண்ணாடிக்கடை’ என்று எழுதிவைத்தோம். வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி வெளியே போய்விடுவாராம். இரண்டேகாலுக்குப் பச்சைப் போன் அடிக்கும். அந்த ரிசீவரில் சத்தம் அதிகம், அந்தப் பக்கம் பேசுவது எனக்கும் கேட்கும்.

நடந்தது இவ்வளவுதான். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயம், நண்பர்களோடு வெளியூர் போயிருக்கிறார். தங்கின லாட்ஜில், அந்தத் தொழில் செய்கிற ஒரு பெண். முத்தம் கொடுத்திருக்கிறார். அவள் கையால் தொட்டிருக்கிறாள். அதற்குள் இவர் வெலவெலத்துப்போய் எழுந்து வந்துவிட்டார்.

“ஒட்டாதுங்க” என்றார் அக்கா.

“நிச்சயமாவா?”

“நிச்சயமா.”

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் அடித்தது. நகத்தோரம் ஒரு கீறல் இருந்தது ஞாபகம் வந்ததாம். அதற்கடுத்த வாரம் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதாம். மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்திருந்தார், ஒன்றும் இல்லை. ஆறு மாதம் கழித்து வேறொரு லேபில், அங்கேயும் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவையும் எடுத்திருந்தார்.

“மூணாவது பொய்ப் பேர்ல குடுத்தேங்க.”

“அது எதுக்கு?”

“என் பேரைப் பாத்துட்டு, பாவம் பிள்ளைக்காரன்னு மாத்தி எழுதிக் குடுத்துட்டாங்களோன்னு.”

“பொய்ப் பேருக்கு என்ன வந்துச்சு?”

“ஒண்ணும் இல்லைன்னுதான் வந்துச்சு.”

“பாருங்க, அந்த மனுஷனுக்கும் நல்ல சேதிதான்.”

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. கடையில் லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்துத் தன் நாக்கைப் பார்த்ததாகவும், வெள்ளை வெள்ளையாக என்னவோ தெரிந்ததாகவும் சொன்னார்.

“அந்தக் கண்ணாடியை வெச்சுப் பாத்தா என் நாக்குலகூடத் தெரியும்” என்றார் அக்கா.

எனக்குப் பொறுமை போய்விட்டது. “அக்கா, இந்த ஆளு விடாக்கண்டனா இருக்கார். லைனைக் கட் பண்ணுங்க. லைன்ல வர வேண்டியவங்க காத்துட்டிருக்காங்க” என்றேன்.

“இருங்க கொசு சார். நாம சொல்ற பதில் அவருக்கு வேண்டியதா இல்லை. அப்ப நாம கேக்கற கேள்விதான் தப்பு.”

ஒன்பதாவது வியாழக்கிழமை அக்கா உடம்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “வீட்டுல யார் யாரு இருக்கீங்க?” என்று ஆரம்பித்தார். அந்தக் குரலில் அவர் கேட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தோன்றும். மனைவி, அம்மா, ஒரு பெண் குழந்தை என்றார் அவர்.

“பொண்ணுக்கு எத்தனை மாசம்?”

“ஏழு.”

“ஏழு மாசமா? உக்காருதா? தவழுதா?”

லைன் போய்விட்டதோ என்று அக்கா ரிசீவரைத் தட்டிப் பார்த்தார்.

“தெரியலைங்க” என்றார் அவர். “நான் அதைத் தூக்கினதில்லை.”

“பொறந்ததிலிருந்தா?”

“ஆஸ்பத்திரில நர்ஸம்மா கையில குடுக்க வந்தாங்க. கை கழுவிட்டு வரேன்னு சொல்லி வெளிய போயிட்டேன். அப்புறம் தூக்கவே இல்லை. என் தம்ளர் தனி, துண்டு தனி. அது இருக்கிற ரூம்ல நான் படுக்கறதில்லை. பொண்ணாப் பொறந்துடுச்சுன்னு எனக்கு மனக்குறைன்னு வீட்டுல எல்லாரும் நினைச்சுட்டிருக்காங்க. என் பொண்டாட்டியும் அதைத்தான் நினைக்கறா. நான் மறுத்துச் சொல்லலை. அதுவே எனக்கு வசதியாப் போச்சு.”

ரொம்ப நாளைக்கு அப்புறம் அக்காவின் நாற்காலி சுவர்ப் பக்கம் திரும்பியது.

“நல்லாக் கேளுங்க” என்றார். “உங்களுக்கு அது இல்லை. மூணு தடவை பாத்தாச்சு, இனிமே பாக்க வேண்டாம். ஆனா நான் சொல்ல வந்தது வேற. ஒரு பேச்சுக்கு, உங்களுக்கு அந்தக் கிருமி இருக்குன்னே வெச்சுக்குவோம். அப்பவும் நீங்க பிள்ளையைத் தூக்கலாம். மடியில போட்டுக்கலாம். முத்தம் குடுக்கலாம். அதுக்கு ஒண்ணும் ஒட்டாது. புரியுதா? இருந்தாலும் ஒட்டாது.”

அப்புறம், எங்கள் வேலையில் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னார், சொந்த விஷயம்.

“என் அண்ணனுக்கு இருந்துச்சு. வீட்டுப் பின்கட்டு ரூம்ல வெச்சிருந்தோம். தட்டைத் தள்ளிதான் விடுவோம், கையில குடுக்க மாட்டோம். ஒண்ணரை வருஷம் யாரும் தொடலை. நானும் தொடலை. தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அப்ப எனக்குச் சொல்ல ஆளில்லை. உங்களுக்கு நான் சொல்றேன்.”

நான் பழுப்புப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியாது.

“வீட்டுல போன் இருக்கா?” என்று அக்கா கேட்டார். “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வீட்டுலேருந்து கூப்பிடுங்க.”

மறுநாள் பத்து மணிக்குச் சொன்னபடி பச்சைப் போன் அடித்தது. அவர் அம்மா கடைக்குப் போயிருந்தார். மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். குழந்தை கூடத்தில் பாயில் கிடந்தது.

“போனை வெக்காதீங்க. பக்கத்துல கீழ போட்டுட்டுப் போய்த் தூக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அக்கா ரிசீவரை எனக்கும் கேட்கிற மாதிரிச் சாய்த்துப் பிடித்தார். ஒரு மின்விசிறியின் கடகடப்பு. நாலைந்து காலடி. அப்புறம் ஒன்றுமே இல்லை. கீழே டிப்போவில் ஒரு பஸ்ஸைக் கழுவி முடித்து அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்துகிற வரைக்கும் ஒன்றுமே இல்லை. திடீரென்று குழந்தை வீலென்று அழுதது. அதற்கு அவர் புது ஆள்தானே. புது ஆள் தூக்கினால் எந்தப் பிள்ளைதான் அழாது?

மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்கி ஓடிவருகிற சத்தம் கேட்டது. “என்ன ஆச்சு?” என்று ஒரு பெண் குரல் கேட்டு, பாதியில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல் எங்கள் காதுக்குப் பக்கத்திலேயே வந்தது.

“யாரு பேசறது?”

“சுகாதார இலாகாலேருந்துங்க” என்றார் அக்கா.

“எங்க வீட்டுக்கு எதுக்கு?”

“அதை உங்க வீட்டுக்காரர்தான் சொல்லணும். நான் சொல்ல முடியாதுங்க.”

“அவர் அழுதுட்டிருக்கார். பிள்ளையும் அழுதுட்டிருக்கு. நீங்க ஒரு பொம்பளை, யாருன்னும் சொல்ல மாட்டேங்கறீங்க. நான் என்னன்னு நினைக்கறது?”

“இப்ப போனை வெச்சிடுங்கம்மா. ரெண்டு பேர்ல ஒருத்தர் அழுகையை நிறுத்தினதும் அவர்கிட்டயே கேளுங்க.”

அக்கா போனை வைத்தார். டீயை எடுத்துவிட்டுக் குடிக்காமலே கீழே வைத்தார். “குடும்பத்தைக் கெடுத்துட்டேனா சார்?” என்று கேட்டார். “அந்தப் பிள்ளையைத் தூக்கிட்டார்ல” என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வியாழக்கிழமை இரண்டேகாலுக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமையும் அடிக்கவில்லை. வராத அழைப்புக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது அப்போதுதான் முதல் தடவை. தொல்லை விட்டது என்று சொன்ன நானே பார்த்தேன்.

நாலாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, மனைவி கூப்பிட்டார். குழந்தையோடு, தன் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாராம். கணவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

“மூணு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டறார். ஒண்ணுல யாரோ ஒருத்தர் பேர் போட்டிருக்கு. கேட்டா அதுவும் நான்தாங்கறார். நான் எதைங்க நம்பறது?”

அக்கா இழுத்து மூச்சுவிட்டார். “இன்னொருத்தர் விஷயத்தை நான் பேச முடியாதும்மா. நீங்க பொதுவாக் கேளுங்க, நான் பொதுவாச் சொல்றேன்.”

அந்தப் பெண் கெட்டிக்காரி. உடனே பிடித்துக்கொண்டார். “சரி. பொதுவா ஒருத்தர், எவளுக்கோ முத்தம் குடுத்தார், அவ கையால தொட்டாள்னு வெச்சுக்குங்க. அப்புறம் பொண்டாட்டியோட ஒரே வீட்டுல இருந்தார். அந்தப் பொண்டாட்டிக்கு வருமா?”

“வராது. அவருக்கே வர வழியில்லை.”

“பிள்ளைக்கு?”

“வராது.”

“அவளும் டெஸ்ட் எடுக்கணுமா?”

“அவசியமே இல்லை. மனசு கேக்கலைன்னா ஒரு தடவை எடுத்துப் பாக்கலாம். ஆனா சொந்தப் பேர்ல.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்து பாதியில் அடங்கியது. “அப்ப கிருமி இல்லை. இந்தக் கோபம் மட்டும்தான் மிச்சம். அதுக்கு என்ன பண்றது?”

“அது எங்க இலாகாவுல வராதுங்க” என்றார் அக்கா. அப்புறம் குரலை இறக்கி, “கோபம் நியாயம்தான். எத்தனை நாள் வேணுமோ வெச்சுக்குங்க. ஆனா ஒண்ணு. பொண்ணுங்கறதால அவர் தூக்காம இருக்கலை. அது மட்டும் உங்க கணக்குல தப்பா இருந்தா மாத்திக்குங்க” என்றார்.

இது பொதுவான பேச்சு இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பெண் போனை வைத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பெண் வீடு திரும்பினார் என்பது எங்களுக்குக் கண்ணாடிக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு வியாழக்கிழமை இரண்டேகாலுக்குக் கூப்பிட்டார். மனைவி தன்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை, சோறு போடுவார், முகம் பார்க்க மாட்டார் என்றார். குழந்தையைக் குளிப்பாட்டுவது இப்போது தன் வேலை என்றார். சோப்பு நழுவுகிறது, பயமாக இருக்கிறது என்றார். அக்கா அரை மணி நேரம், குழந்தையைக் காலில் எப்படிப் போட்டுக்கொள்வது, தண்ணீரை முழங்கையில் எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கம் அடித்த அழைப்புகளையெல்லாம் நான் எடுத்தேன். நாக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் அவர் எங்களைக் கூப்பிடவும் இல்லை.

அன்றிலிருந்து அக்கா யாருக்கும் ‘ஒட்டாது’ என்று சொல்லிவிட்டு உடனே போனை வைப்பதில்லை. “வீட்டுல யாரு இருக்காங்க?” என்று ஒரு வார்த்தை கேட்பார். நான் கேட்க மறந்தால் பென்சிலால் மேசையைத் தட்டுவார். ஆச்சரியமாக இருக்கும். ஒருவர் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருப்பார். ஒரு பெண் வேலையை விட்டிருப்பாள். ஒரு முத்தத்துக்காக மனுஷர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட தண்டனைகளை, ஏதாவது கோர்ட்டு விதித்திருந்தால் ஊரே கொதித்திருக்கும்.

நிஜமாகவே கிருமி இருந்தவர்களும் கூப்பிட்டார்கள். அவர்களிடம் பேசும்போது அக்கா அவசரப்பட மாட்டார். மாத்திரை வரத் தொடங்கிய காலம் அது. எங்கே கிடைக்கும், எந்த நாளில் எந்த டாக்டர் இருப்பார் என்று சொல்லி, கடைசியில், “வீட்டுல உங்களைத் தொட்டுப் பேசறாங்களா?” என்று கேட்பார். இல்லை என்று பதில் வந்தால், “வீட்டுல யாரையாவது போனைப் பிடிக்கச் சொல்லுங்க” என்பார். அந்தக் குரலைப் பல வீட்டு மாமியார்களும் மாமனார்களும் கேட்டிருக்கிறார்கள்.

ஆறாவது வருஷம் என்னைப் பிறப்புப் பதிவுக்கு மாற்றினார்கள். கொசு சார் போய்விட்டார் என்று அக்கா டாக்டரிடம் வருத்தப்பட்டதாகக் கேள்வி. அப்புறம் அந்த உதவித் தொலைபேசியைப் பெரிய கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். நிறையப் பேர், நிறையப் போன். அக்கா ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

போன வருஷம் அவரைப் பார்க்கப் போனேன். தங்கை குடும்பத்தோடு ஒரு அடுக்குமாடியில் நாலாவது மாடியில் இருக்கிறார். தலை முழுக்க வெள்ளை. என் சர்க்கரை அளவு, அவர் முழங்கால் வலி, டாக்டரம்மா மகனோடு வெளிநாடு போனது என்று ஒரு மணி நேரம் பேசினோம். பழைய அறையைப் பற்றிப் பேசியபோது, இரண்டு பேருக்கும் ஒரே விஷயம் வேறு வேறாக ஞாபகம் இருந்தது. ஜன்னல் அவர் பக்கம் இருந்தது என்றார் அவர். என் பக்கம்தான் இருந்தது.

கிளம்பலாம் என்று எழுந்தேன். எதிர் வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். முப்பது வயதிருக்கும், ஆபீஸ் போகிற உடுப்பு, கையில் சாவிக்கொத்து. என்னைப் பார்த்ததும் தயங்கினாள். “அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அப்புறமா வரட்டுமா?”

அக்கா அவள் முகத்தைப் பார்த்தார். “உள்ள வாம்மா” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சார், கொஞ்சம் பால்கனியில நில்லுங்க. கதவைச் சாத்திக்குங்க.”

நான் போய் நின்றேன். கீழே ஸ்கூட்டர்களை நிறுத்துகிற இடத்தில் இரண்டு பேர் இடத்துக்காக வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சமாதானமாகிப் போனார்கள். விளக்குகள் எரியத் தொடங்கின. உள்ளே அக்காவின் குரல் மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது, வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. கதவு திறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.